தோல் டாக்டர் காக்ரேன்: மூன்று கதைகளில் காணாமல் போனவர்

டாக்டர் பால் பிராண்டைப் பற்றிப் படித்தவர்களுக்கு ஒரு காட்சி கட்டாயம் ஞாபகம் இருக்கும். வருஷம் 1947. இடம், செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணியில் இருக்கும் லேடி வில்லிங்டன் தொழுநோய் நிலையம். வேலூர் சி.எம்.சி.யில் எலும்பு அறுவை டாக்டராகச் சேர்ந்திருந்த இளைஞர் பிராண்ட் அங்கே சுற்றிப் பார்க்க வருகிறார். நோயாளிகளின் விரல்கள் பறவைக் கால் மாதிரி மடங்கிக் கிடப்பதைப் பார்த்து, இது ஏன் இப்படி ஆகுது, இதுக்கு என்ன செய்றீங்கன்னு கேட்கிறார். கூட நடந்து வந்த மூத்த டாக்டர், நான் தோல் டாக்டர், எலும்பு டாக்டர் நீதானே, நீயல்லவா சொல்லணும்ங்கிற மாதிரி பதில் சொல்கிறார். இவ்வளவு பேரை முடமாக்குகிற நோயை ஒரு எலும்பு டாக்டர்கூடத் திரும்பிப் பார்க்கலையேன்னு ஆதங்கப்படுகிறார். பிறகு பிராண்ட் ஒரு நோயாளியின் கையைப் பிடிக்க, செத்துப் போனதாக நினைத்த கையின் பிடி இரும்பாக இருக்கிறது. வேலை செய்கிற தசை உள்ளே மிச்சம் இருக்குன்னு அவருக்குப் புரிகிறது. அங்கிருந்து தொடங்குவதுதான் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சையின் வரலாறு.

டோரத்தி கிளார்க் வில்சன் 1965-ல் எழுதிய பிராண்டின் வாழ்க்கை வரலாற்றிலும், பிராண்டும் ஃபிலிப் யான்சியும் சேர்ந்து 1993-ல் கொண்டுவந்த வலி பற்றிய நூலிலும் இதுதான் திருப்புமுனை. நல்ல காட்சி, மறுப்பதற்கில்லை. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த ஒரு பையன், தன் வாழ்நாள் வேலையைத் தமிழ் மண்ணிலேயே கண்டுபிடிக்கிற இடம் அது.

என் பிரச்சினை அந்தத் தோல் டாக்டரைப் பற்றியது. அவர் அந்தப் பக்கத்தில் வருகிறார், ஒரு வாக்கியம் பேசுகிறார், ஒதுங்கிக்கொள்கிறார். சினிமாவில் கதாநாயகனுக்கு வழி காட்டிவிட்டுப் போகும் பெரியவர் மாதிரி. அவர் பெயர் ராபர்ட் கிரீன்ஹில் காக்ரேன். அவரைத் துணைப் பாத்திரமாக்கிப் பழகிவிட்டதால், தொழுநோயைப் பற்றி முக்கியமான ஒரு விஷயத்தை நாம் பார்க்காமல் விட்டுவிட்டோம்னு எனக்குத் தோணுது. அதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

எங்க ஊர் பொட்டிபுரம். இணையத்தில் இந்தப் பேரைத் தேடினால் நியூட்ரினோ ஆய்வகச் சண்டைதான் வரும். ஆனால் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு நித்தியக் கவலை நியூட்ரினோ இல்லை, மலை வேலை. போடி, தேவாரம், கோம்பை, கம்பம்னு ஒவ்வொரு ஊரிலிருந்தும் விடியுமுன்னே ஜீப் கிளம்பும். பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குப் போய் வருவார்கள். களை வெட்டுவது, காய் எடுப்பது, ஸ்டோரில் காயை உலர்த்துவது, எல்லாம் கை வேலை. கையில் உணர்ச்சி இல்லாவிட்டால் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. கத்தி பட்டது தெரியாது, சூடு பட்டது தெரியாது, முள் தைத்தது தெரியாது. தொழுநோய் என்பது கடைசியில் இதுதான். காக்ரேன் மேல் எனக்கு ஆர்வம் வந்தது இந்த வழியாக.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம்.

காக்ரேன் 1899-ல் சீனாவில் பிறந்தவர். அப்பா தாமஸ் காக்ரேன், பீக்கிங்கில் யூனியன் மருத்துவக் கல்லூரியை உருவாக்கிய மிஷனரி டாக்டர். மகன் கிளாஸ்கோவில் மருத்துவம் படித்துவிட்டு 1924-ல் இந்தியாவுக்கு வந்தார், தொழுநோய் வேலைக்காகவே. அப்போது இந்தத் துறையில் பெரிய பெயர்கள் கல்கத்தாவில் வேலை செய்து பேர் வாங்கியவர்கள். லெனார்ட் ராஜர்ஸ், எர்னஸ்ட் மியூர். பிறகு பிரிட்டிஷ் சாம்ராஜ்யத் தொழுநோய் நிவாரணச் சங்கத்தின் செயலாளராக இருந்தார். 1935-ல் செங்கல்பட்டு நிலையத்தின் பொறுப்புக்கு வந்தார். 1940-களில் வேலூர் கல்லூரியின் தலைமையும் அவரிடம் வந்தது. ஐடா ஸ்கடர் பெண்களுக்காகத் தொடங்கிய பள்ளி, எம்.பி.பி.எஸ். கல்லூரியாகத் தரம் உயர்ந்தே ஆகவேண்டிய நெருக்கடியில் இருந்த நேரம் அது. ஆள் கிடைக்காமல் தவித்தபோது, லண்டனிலிருந்து பிராண்டை வரவழைத்ததில் காக்ரேனின் பங்கு பெரியது. அதாவது, திருமணியில் அந்த ‘தற்செயலான’ உரையாடல் நடப்பதற்கு முன்பே அந்த எலும்பு டாக்டரைக் கடல் தாண்டிக் கூட்டிவந்தவர்களில் ஒருவர் இந்தத் தோல் டாக்டர்தான்.

1951-ல் இங்கிலாந்து திரும்பி அங்கே சுகாதார அமைச்சகத்துக்குத் தொழுநோய் ஆலோசகராக இருந்தார். 1959-ல் அவர் பதிப்பித்த பாடநூல் பிரிஸ்டலில் வெளிவந்தது. 1964-ல் டேவி என்பவரோடு சேர்ந்து அதன் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார். ரொம்ப காலத்துக்கு இந்தத் துறையில் அதுதான் பெரிய புத்தகம். 1985-ல் காலமானார்.

சரி, தோல் டாக்டர் என்றால் என்ன செய்பவர்? பார்ப்பவர். கேட்க எளிமையாக இருக்கு. ஆனால் தொழுநோயில் பார்ப்பது சாதாரண வேலை இல்லை.

தொழுநோய்க் கிருமியை ஹான்சன் 1873-லேயே நார்வேயில் கண்டுவிட்டார். ஆனால் இன்றுவரை அதைக் கண்ணாடிக் குழாயில் வளர்க்க முடியவில்லை. கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரிய வருஷக்கணக்காகும், சராசரியாக ஐந்து வருஷம்னு சொல்வார்கள். பெரும்பாலான மனிதர்களுக்கு அது ஒட்டவே ஒட்டாது. உடம்பின் எதிர்ப்பு அவ்வளவு. ஒட்டுகிற சிலரிலும் இரண்டு எல்லைகள் உண்டு. ஒருவருக்கு எதிர்ப்பு நன்றாக இருந்தால் ஒன்றிரண்டு திட்டோடு நிற்கும், சமயத்தில் தானாகவே ஆறிப்போகும். இன்னொருவருக்கு எதிர்ப்பே இல்லை என்றால் கிருமி உடம்பெல்லாம் பரவும். ஆனால் ஆரம்பத்தில் வெளியே எதுவும் பெரிதாகத் தெரியாது. தோல் லேசாக மினுமினுக்கும், காது மடல் தடிக்கும், அவ்வளவுதான். திட்டு தெளிவாகத் தெரிகிறவரைக் கண்டு ஊர் பயப்படும். பிறருக்குப் பரப்பக்கூடியவர் பக்கத்திலேயே யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருப்பார்.

இந்தக் குழப்பத்தைப் பிரித்துப் பார்ப்பதுதான் காக்ரேன் தலைமுறையின் வேலை. எந்தத் திட்டு எந்த வகை, எது தொற்றும், எது தொற்றாது, நடுவில் இரண்டும் கலந்த வகை எது. பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையின் நோய்க்குறியியலாளர் கனோல்கரோடு சேர்ந்து, இந்த நடுவகைத் திட்டுகளைப் பற்றி 1956-ல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார் காக்ரேன். சைதாப்பேட்டையில் குழந்தைகளுக்கான மருத்துவமனையில் பிள்ளைகளின் திட்டுகளைத் தொடர்ந்து கவனித்தார். வீட்டில் தொற்றும் வகை நோயாளி இருந்தால் பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது என்பதே அவர் விடாமல் கேட்ட கேள்வி.

இதை நம்ம வீட்டு மொழியில் சொன்னால் இப்படி வரும். தேமல் அரிக்கும், வேர்த்தால் இன்னும் அரிக்கும். படை வட்டமாக விளிம்பு தடித்து அரிக்கும். வெண்புள்ளி பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், தொட்டால் உணர்ச்சி இருக்கும். தொழுநோய்த் திட்டு முழு வெள்ளை ஆகாது, சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் வெளுத்தோ சிவந்தோ இருக்கும். அரிக்காது. பல சமயம் அதில் வேர்வை வராது. கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பஞ்சு நுனியால் தொட்டால் எங்கே தொட்டோம்னு சொல்லத் தெரியாது. முழங்கையில் இடித்தால் ஷாக் அடிக்குமே, அந்த நரம்பு கயிறு மாதிரி தடித்திருக்கலாம். இவ்வளவையும் பகல் வெளிச்சத்தில், ஆடை மறைக்கும் இடம் உட்படப் பார்க்கணும். கருவி எதுவும் வேண்டாம். பொறுமையும், அந்த மனுஷனைத் தொடுகிற மனசும் போதும்.

இனி அவரை மறைத்த மூன்று கதைகளுக்கு வருவோம்.

முதல் கதை, மேலே சொன்ன கைகுலுக்கல் கதை. அது பொய் என்று நான் சொல்லவில்லை. அதில் ஒரு தேதி விடுபட்டிருக்கிறது என்கிறேன். பிராண்ட் திருமணிக்குப் போன காலத்தில் அதே வளாகத்தில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. டி.டி.எஸ். என்ற சல்ஃபோன் மருந்தை, பிற்பாடு டாப்சோன் என்று எல்லோரும் அறிந்த மருந்தை, காக்ரேன் 1946 வாக்கில் நோயாளிகளுக்கு ஊசியாகப் போட்டுப் பார்க்க ஆரம்பித்திருந்தார். அந்த வேதிப்பொருள் ஜெர்மனியில் 1908-லேயே தயாரிக்கப்பட்டது. மனிதருக்கு நஞ்சு என்று பயந்து ஒதுக்கி வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் கார்வில் மருத்துவமனையில் ஃபேஜட் 1941-ல் அதன் உறவுக்கார மருந்தான பிரோமினைக் கொடுத்துப் பலன் கண்டார். ஆனால் அது விலை கூடியது, நரம்பில் ஏற்ற வேண்டியது. இந்தியா மாதிரி தேசத்துக்கு ஒத்துவராது. மாட்டு மடி நோய்க்கு சல்ஃபோன் பயன்பட்டுக்கொண்டிருந்தது. அதே மலிவான மூலப்பொருளை நேரடியாகத் தொழுநோய்க்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர் காக்ரேன். பிறகு நைஜீரியாவில் ஜான் லோ அதையே குறைந்த அளவில் மாத்திரையாகக் கொடுக்கலாம்னு காட்டினார். உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் அந்த மாத்திரையை முழுங்கியது அதற்கப்புறம்தான்.

இதைக் கைகுலுக்கலோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மருந்து இல்லாத காலத்தில் விரலைச் சரிசெய்து என்ன பிரயோஜனம்? நரம்பை நோய் தின்றுகொண்டே இருக்கும். இன்றைக்குத் தசைநாணை எடுத்து மாற்றிக் கட்டினால், நாளைக்கு அந்தத் தசையே போகலாம். நோயை அடக்கும் மருந்து வந்ததால்தான் கையைச் சீர்செய்வதற்கு ஓர் அர்த்தம் வந்தது. தோல் டாக்டரின் ஊசி எலும்பு டாக்டரின் கத்திக்குக் காலம் வாங்கிக் கொடுத்தது. பிராண்டின் நூல்களின் கதைப்போக்கில் இந்த இணைப்பு மங்கிப் போகிறது. அதிசயம் ஒரே ஒரு கைப்பிடியில் நிகழ்வது படிக்க நன்றாக இருக்கும். இரண்டு வருஷம் வாரம் இரண்டு ஊசி போட்டு, தோல் மாதிரி எடுத்து, கிருமி எண்ணிப் பார்ப்பது படிக்க அலுப்பு.

இதில் காக்ரேனின் பெருந்தன்மையையும் கவனிக்கணும். தன் பாடநூலின் இரண்டாம் பதிப்பில் அங்க ஊனம் பற்றிய நீண்ட அத்தியாயத்தை எழுத வைத்தது பிராண்டைத்தான். நான் தோல் டாக்டர் என்று சொன்னது கைகழுவல் இல்லை. தன் எல்லை எங்கே முடிகிறதுன்னு தெரிந்து, அடுத்த ஆளுக்கு இடம் விடுவது.

இரண்டாவது கதை நம்முடையது. ‘ரத்தக் கண்ணீர்’. 1940-களின் கடைசியிலிருந்து எம்.ஆர். ராதா ஊர் ஊராக நடத்திய நாடகம். 1954-ல் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் படம். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த மோகனசுந்தரம் தாசி வீடே கதியென்று கிடந்து, சொத்தை இழந்து, குஷ்டரோகியாகித் தெருவுக்கு வருகிறான். மற்றவர்களுக்குப் பாடமாக, நோய் பிடித்த கோலத்திலேயே தனக்குச் சிலை வைக்கச் சொல்லிச் சாகிறான்.

ராதாவின் நடிப்பைக் குறை சொல்ல என்னால் முடியாது. தமிழ் சினிமாவில் ஒரு குஷ்டரோகிக்கு இவ்வளவு கூர்மையான நாக்கு கொடுத்த படம் வேறில்லை. அழுகிற உடம்பிலிருந்து அவன் உலகத்தையே நையாண்டி செய்கிறான், தியேட்டர் அவனோடு சேர்ந்து சிரிக்கிறது. அது பெரிய விஷயம். ஆனால் கதை நோயை ஒரு தீர்ப்பாக எழுதிவிட்டது. தாசி வீட்டுக்குப் போனவனுக்குக் குஷ்டம். தொழுநோய் உடலுறவால் வருகிற நோய் இல்லை. ஒழுக்கத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. சைதாப்பேட்டையில் காக்ரேன் பார்த்த பிள்ளைகள் எந்தத் தாசி வீட்டுக்குப் போனார்கள்?

இதில் என்னை உறுத்துவது காலக்கணக்கு. அந்த நாடகம் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்த வருஷங்களில், சென்னையிலிருந்து ரயிலில் ஓரிரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய செங்கல்பட்டில் அந்த நோய்க்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். படம் வந்த மறுவருஷம், 1955-ல், மத்திய அரசு அந்த நிலையத்தை எடுத்துத் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக்கியது. ஆனால் தமிழ் ஜனங்கள் நோயைக் கற்றுக்கொண்டது மோகனசுந்தரத்திடம்தான், திருமணியில் இல்லை. என் பாட்டி தலைமுறைக்குக் குஷ்டம்னு சொன்னாலே ராதா முகம்தான் வரும். அந்த முகம் நோயின் கடைசிக் கட்டம். தோல் டாக்டர் பார்க்கச் சொன்னதோ முதல் கட்டம், வலிக்காத அந்த ஒரு திட்டு. கடைசிக் கட்டத்தையே நோய் என்று நம்பிய சமூகம், முதல் கட்டத்தில் ‘இதுவா? இது சும்மா தேமல்’ என்றுதானே சொல்லும்? பயமும் அலட்சியமும் எதிர் எதிர் என்று நினைக்கிறோம். இங்கே பயம்தான் அலட்சியத்தை வளர்த்தது.

மூன்றாவது கதை எங்க மலையிலிருந்தே முளைக்கிறது. நீரடிமுத்து. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓடைக்கரை மரம். கேரளப் பக்கம் மரோட்டி என்பார்கள். அதன் ஓட்டை இரண்டாக உடைத்து, அதன் எண்ணெயையே ஊற்றி விளக்கேற்றுவது அங்கே வழக்கம். சித்த மருத்துவத்தில் குட்ட நோய்களுக்கு இந்த எண்ணெய் நெடுங்காலமாக உண்டு. இதே குடும்பத்து சால்மூக்ரா எண்ணெயை 1854-ல் கல்கத்தாவில் மௌவாட் என்ற டாக்டர் ஆங்கில மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார். அடுத்த 90 வருஷம் உலகத்துக்கே தொழுநோய் மருந்து என்றால் இதுதான். ஹவாயில் ஆலிஸ் பால் என்ற கறுப்பினப் பெண் வேதியியலாளர் 1915-ல் அந்த எண்ணெயை ஊசியில் ஏற்றத் தகுந்தபடி மாற்றிக் காட்டினார். மறுவருஷமே 24 வயதில் இறந்துபோனார், பெயரை இன்னொருவர் தட்டிக்கொண்டார். காக்ரேனும் பல வருஷம் இந்த எண்ணெயைத்தான் குத்தினார்.

இப்போது வாட்ஸ்அப்பில் இது வேறு வடிவத்தில் சுற்றுகிறது. நம்ம முன்னோர் குஷ்டத்துக்கு மருந்து வைத்திருந்தார்கள், வெள்ளைக்காரன் திருடிவிட்டு அப்புறம் அழித்துவிட்டான் என்று. பெருமைப்படுவதில் எனக்கும் ஆசைதான். ஆனால் கணக்கு அப்படி வரவில்லை. குடித்தால் குமட்டும், குத்தினால் வலித்துக் கட்டி வரும், அதையும் பொறுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் எடுத்தவர்களில் சிலருக்கு நன்றாகத் தெரிந்தது, பலருக்கு இல்லை. அந்தச் சிலரில் எத்தனை பேர் எண்ணெயால் தேறினார்கள், எத்தனை பேர் தானாக ஆறியிருப்பார்கள்? மேலே சொன்னேன் அல்லவா, எதிர்ப்பு நன்றாக உள்ளவரின் திட்டு தானாகவே ஆறலாம் என்று. அப்படிப்பட்டவருக்கு எதைக் கொடுத்தாலும் கொடுத்த மருந்துக்குத்தான் பேர் வரும். வகை பிரித்துப் பார்க்காதவரை எந்த மருந்தின் பலனையும் அளக்கவே முடியாது. சித்த மருத்துவம் குட்டத்தை 18 வகை என்று எண்ணியது. அதில் இன்று வேறு வேறு என்று நாம் அறிந்த தோல் நோய்கள் பலவும் சேர்ந்திருந்தன. ‘வெண்குஷ்டம்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டதால், தொழுநோயோடு சம்பந்தமே இல்லாத வெண்புள்ளிக்காரர்கள் எத்தனை கல்யாணம் தவறிப் போய் நின்றார்கள் என்பது நமக்குத் தெரியாததா?

காக்ரேன் இந்த எண்ணெயை ஏளனம் செய்யவில்லை. இருந்ததில் நல்லது என்று கொடுத்தார். அதைவிடத் தெளிவாக வேலை செய்கிற ஒன்று கையில் வந்ததும், பழகிய மருந்தை விட்டு மாறினார். அதைத்தான் நான் மரியாதைக்குரியதாகப் பார்க்கிறேன். நீரடிமுத்தைக் கொண்டாடுகிறவர்களும் கொண்டாட வேண்டியது இந்தக் குணத்தை.

அப்படியானால் காக்ரேனைக் கோயில் கட்டிக் கும்பிடலாமா? வேண்டாம். அவரிடமும் குறை உண்டு, அவர் காலத்து நிறுவனங்களிடம் இன்னும் நிறைய. திருமணி ஒரு மருத்துவமனை மட்டுமில்லை, குடியிருப்பு. வந்தவர்கள் ஊரையும் உறவையும் விட்டுத்தான் வந்தார்கள். 1898 தொழுநோயாளர் சட்டம், பிச்சை எடுக்கும் நோயாளியை வாரண்ட் இல்லாமல் பிடித்துப்போக போலீஸுக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. பிடித்து அடைத்தால் மற்றவர்கள் ஒளிந்துகொள்வார்கள், வைத்தியத்துக்கு வரமாட்டார்கள் என்று ராஜர்ஸ், மியூர் காலத்திலிருந்தே டாக்டர்கள் சொல்லிவந்தார்கள். ஆனாலும் அந்தச் சட்டம் ஒழிந்தது 2016-ல்தான். தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டலாம் என்ற விதி போனது 2019-ல். டாக்டர்களின் சொல் சட்டப் புத்தகத்துக்குப் போய்ச்சேர முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இன்னொன்று, ஒற்றை மருந்தின் மேல் வைத்த நம்பிக்கை. டாப்சோன் மட்டும் கொடுத்துக்கொண்டே போனதில் 1964-ல் மலேயாவில் மருந்துக்கு அடங்காத கிருமி உறுதியானது. அதற்குப் பதிலாகத்தான் 1980-களின் ஆரம்பத்தில் உலக சுகாதார நிறுவனம் ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின், டாப்சோன் சேர்ந்த கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது. ஆறு மாசம் அல்லது ஒரு வருஷம். அவ்வளவுதான் இன்றைக்கு வைத்தியம்.

மூன்றாவது குறை காக்ரேனுடையது மட்டுமல்ல, அவரைப் பற்றி எழுதுகிற என்னுடைய வகைக் கட்டுரைகளுடையதும்கூட. பெயரோடு வருவது டாக்டர்கள். நோயாளிகள் ‘ஒரு நோயாளி’ என்று வந்துபோகிறார்கள். பிராண்டின் கையைப் பற்றியவரின் பிடி வரலாற்றில் இருக்கு, அவரது வாழ்க்கை எத்தனை பேருக்குத் தெரியும்? இதற்கு விதிவிலக்காக ஒருவரைச் சொல்லியே ஆகணும். டி.என். ஜகதீசன். ஆங்கிலப் பேராசிரியர், சீனிவாச சாஸ்திரியாரின் கடிதங்களைத் தொகுத்தவர், தாமே தொழுநோயை அனுபவித்தவர். காக்ரேனோடு தோளோடு தோள் நின்று வேலை செய்தார். மழவந்தாங்கலில் கஸ்தூரிபா பெயரில் எழுந்த தொழுநோய் நிவாரண நிலையத்துக்கு உழைத்தார், இந்தியத் தொழுநோய்ச் சங்கத்தில் பொறுப்பு வகித்தார், 1957-ல் பத்மஸ்ரீ பெற்றார். காந்தி தன் நிர்மாணத் திட்டத்தில் தொழுநோயாளர் பணியையும் சேர்த்தவர். அந்த வேலையைத் தமிழ்நாட்டில் செய்துகாட்டியவர்களில் இவர் முக்கியமானவர். தொழுநோயின் வழியே நிறைவு என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் தன் வரலாற்றை எழுதினார். மோகனசுந்தரத்துக்கு எதிரே நிறுத்த வேண்டிய ஆள் இவர். ஒருவன் கற்பனை, ஒழுக்கக்கேட்டுக்குத் தண்டனையாக நோய் பெற்றவன். இன்னொருவர் நிஜம், நோயை வைத்துக்கொண்டே படித்து, எழுதி, நிறுவனம் கட்டியவர். நமக்கு ஞாபகம் இருப்பது யார் என்பது நமக்கே தெரியும்.

1948-ல் ஹவானாவில் கூடிய சர்வதேச மாநாடு, ‘லெப்பர்’ என்று மனிதனையே நோயின் பெயரால் அழைக்கும் சொல்லைக் கைவிடச் சொன்னது. தமிழிலும் குஷ்டரோகி போய்த் தொழுநோயாளி வந்தது. சொல் மாறினால் எல்லாம் மாறிவிடாதுதான். ஆனால் திட்டைப் பார்த்து ‘இது ஒரு நோய், இந்த வகை, இந்த மருந்து’ என்று சொல்கிற தோல் டாக்டரின் மொழிக்கு ஒரு நன்மை உண்டு. அதில் சாபம் இல்லை, பாவம் இல்லை, அதிசயமும் இல்லை. மூன்று கதைகளிலும் இல்லாத சாதாரணத்தன்மை அது. காக்ரேன் இந்த நோய்க்குக் கொடுத்த பெரிய உபகாரம் டி.டி.எஸ். ஊசியைவிட இதுதான்னு நான் நினைக்கிறேன்.

2005 டிசம்பரில் தேசிய அளவில் பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் கீழே வந்துவிட்டது, தொழுநோய் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக ஒழிந்தது என்பதுதான் அதன் அர்த்தம். நோய் போகவில்லை. இன்றும் இந்தியாவில் ஆண்டுக்கு ஒரு லட்சத்தை ஒட்டிப் புது நோயாளிகள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள், உலகக் கணக்கில் பாதிக்கு மேல் இங்கேதான். ஒழிந்துவிட்டது என்ற வார்த்தை வந்ததும் பார்க்கிற கண் குறைந்துவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் தேமலுக்கு என்று கேட்டு வாங்கிய களிம்பைப் போட்டுக்கொண்டே ஒரு வருஷம் ஓட்டுகிறார்கள். ஒரு நாள் கூலி போகும் என்பதற்காக மலை வேலைக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடுவது நான் தினமும் பார்க்கிறது. வலிக்காத ஒன்றுக்காக யார் ஜீப்பை விடுவார்கள்?

அதனால் படிக்கிற உங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். உங்கள் உடம்பிலோ வீட்டில் யாருக்குமோ நிறம் மங்கிய திட்டு இருந்து, அது அரிக்காமல், மாசக்கணக்கில் போகாமல் இருந்தால் பஞ்சு நுனியால் தொட்டுப் பாருங்கள். உணர்ச்சி குறைவாக இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். கூட்டு மருந்து இலவசம். ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே மற்றவருக்குத் தொற்றுவது நின்றுவிடும். வேலையை விட வேண்டாம், வீட்டை விட வேண்டாம், தட்டைத் தனியாக வைக்க வேண்டாம். நரம்பு கெடுவதற்குள் போனால் பிராண்ட் கண்டுபிடித்த அறுவை சிகிச்சை தேவைப்படவே படாது.

பிராண்ட் நூலை அடுத்த முறை படிக்கும்போது, அந்தக் காட்சியில் கதாநாயகனை விட்டுவிட்டு ஒரு நிமிஷம் அந்தத் தோல் டாக்டரைக் கவனியுங்கள். ஜகதீசன் தன் வரலாற்று நூலைத் தமிழில் யாராவது மொழிபெயர்த்திருந்தால் சொல்லுங்கள், நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.